தட்டு விழும் வரை

அக்காள் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறான். சென்ற மாதம் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். பூங்கா ஒன்றின் மரங்களுக்கிடையே நின்று பிளாஸ்டிக் வட்டு ஒன்றை வீசுகிறான். அது சிறிது தூரம் ஒழுங்காகப் பறந்து, பின் மூக்கைத் தூக்கி, இடப்பக்கம் சரிந்து புதருக்குள் விழுகிறது. “மாமா, நீங்க ஸ்கூல்ல தட்டு எறிஞ்சீங்கன்னு அம்மா சொன்னாங்க. இது ஏன் இப்படிப் போகுது?” என்று கேட்டிருந்தான்.

டிஸ்க் கோல்ஃப் என்பது அந்த விளையாட்டின் பெயர். பந்துக்குப் பதில் வட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக்கூடை. குறைந்த வீச்சுகளில் கூடையை எட்டுபவரே வென்றவர். 1975இல் கலிபோர்னியாவில் இதற்கென முதல் நிரந்தரக் களத்தை அமைத்த எட் ஹெட்ரிக்தான் பின்னர் அந்தச் சங்கிலிக் கூடையையும் உருவாக்கினார்.

ஆடவர் எறியும் தட்டின் எடை 2 கிலோ. இவனுடைய வட்டோ 200 கிராமைத் தாண்டாது. ஆயினும் இரண்டும் ஒரே சாதி. வலக்கைக்காரன் எறியும் தட்டும், அவன் புறங்கையால் வீசும் வட்டும் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகவே சுழல்கின்றன; வேகம் தளரும்போது இடப்பக்கம் சாய்கின்றன. ஆகவே அந்தச் சாய்வு குற்றமன்று என்று எழுதினேன். மூக்கு மேலே நிற்பதுதான் குற்றம். தூரம் வேண்டுமென்ற ஆசையில் கை வட்டைத் தூக்கிவிடுகிறது. மணிக்கட்டைச் சற்றுக் கீழே இறக்கினால் முன்விளிம்பு தாழும்.

காற்றைப் பற்றி எழுதும்போதுதான் கை நின்றது. எதிர்க்காற்று தட்டெறிபவனுக்கு நண்பன். தட்டைத் தாங்கிப் பிடிக்கும். 1986இல் யூர்கன் ஷுல்ட் எறிந்த 74.08 மீட்டர் 38 ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதை 2024இல் மிகோலாஸ் அலெக்னா தாண்டியதும், 2025இல் 75.56 மீட்டராக உயர்த்தியதும் ஒக்லஹோமா மாநிலத்தில் காற்று ஓயாத ராமோனா என்ற சிற்றூரில்தான். இலேசான வட்டுக்கோ அதே காற்று பகை. மூக்கு உயர்ந்திருந்தால் மேலே தூக்கும். தாழ்ந்திருந்தால் வலப்பக்கம் புரட்டும். காற்றுக்கு எதிரே தாழ்வாகவும் நிதானமாகவும் வீச வேண்டும். பலத்தைக் கூட்டினால் புரள்வதும் கூடும்.

எங்களுக்கும் காற்றுக்குக் குறைவில்லை. 1984 ஆடி மாதம், திண்டுக்கல். அப்போது எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் இருந்தது. மலைக்கோட்டைப் பக்கமிருந்து செம்மண் புழுதி எழுந்து மைதானம் முழுவதும் சுழன்றது. பூட்டுப் பட்டறையில் மாங்காய்ப் பூட்டு செய்துகொண்டிருந்த அப்பா, அரைநாள் கூலியை விட்டுவிட்டு, அரத்தூள் படிந்த சட்டையோடு வேலியோரம் வந்து நின்றார். நான் எறிவதைப் பார்க்க அவர் வந்தது அந்த ஒருமுறைதான்.

மூன்று எறிகளுக்கும் சிவப்புக் கொடி. இரண்டரை மீட்டர் விட்டமுள்ள அந்த வட்டத்தின் முன்விளிம்பை மூன்று முறையும் என் கால் மிதித்துக் கடந்தது. முதல் முறை ஆர்வம். இரண்டாம் முறை முதல் எறியின் மீதிருந்த கோபம். மூன்றாவதில் வெறும் பயம். கால் செய்த பிழை ஒன்றுதான் என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. மற்ற இரண்டும் எறிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் நடந்தவை.

திரும்பி வரும் வழியில் அப்பா கேட்டார்: “ஏன்டா, தட்டு விழுறதுக்கு முன்னாடியே நீ எங்க ஓடுற?”

“உங்களுக்கு இதப் பத்தி என்ன தெரியும்?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பிறகு எந்தப் போட்டிக்கும் வரவில்லை; நானும் அழைக்கவில்லை. தட்டு தரையைத் தொட்ட பின்னரே, அதுவும் வட்டத்தின் பின்பாதி வழியாகவே வெளியேற வேண்டும் என்பது விதி. விதிப்புத்தகத்தைக் கண்டிராத மனிதர் கேட்டது அதைத்தான்.

டிஸ்க் கோல்ஃபிலும் இத்தகைய விதி ஒன்று உண்டென்று படித்தபோது சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கூடைக்குப் பத்து மீட்டருக்குள் நின்று எறிபவன், எறிந்த பின் நிலைகொண்டு நின்று காட்ட வேண்டும். அதற்கு முன் அடியெடுத்து வைத்தால் தவறு.

மருமகனுக்கு மீதியை எழுதினேன். ஒரு வீச்சுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நடைதான் ஆட்டத்தைக் கெடுப்பது. அப்போது மரத்தைப் பார், புல்லைப் பார், போன வீச்சை மட்டும் பார்க்காதே. கூடைக்கு அருகே வந்ததும் கூடையைப் பார்க்காமல், சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியைத் தேர்ந்துகொள். எப்படி எறிவதென்று ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றாதே. எறிந்த பிறகு வட்டு விழும் வரை நில். கடைசியாகச் சொன்னது தாத்தா சொன்னதென்றும் சேர்த்தேன். அவன் தாத்தாவைப் பார்த்ததில்லை.

நேற்று இன்னொரு காணொளி வந்தது. ஆறேழு மீட்டர் தூரம் இருக்கும். வட்டு சங்கிலியில் பட்டு, கலகலவென்று ஒலித்து, வெளியே தெறித்து விழுந்தது. “பாத்தீங்களா மாமா, ஜஸ்ட் மிஸ்” என்று கீழே எழுதியிருந்தான். மறுபடி ஓடவிட்டு அவன் காலைப் பார்த்தேன். நின்றிருந்தான்.