வேலை ஓய்ந்த நகரில் மூன்று நாள்

கணவனும் மனைவியும் மட்டுமாக ஊர் பார்க்கப் புறப்படுவது நம் குடும்பங்களில் அரிது. வேளாங்கண்ணிக்குப் போனாலும் மூன்று தலைமுறையும் ஒரே வேனில்தான் போவோம். பிள்ளைகள் தலையெடுத்த பின்னரோ, அப்படியோர் ஆசை வயதுக்கு ஒவ்வாதது என்றே எண்ணிவிடுகிறோம். எங்களுக்கு அந்த வாய்ப்பு, மணமாகி 38 ஆண்டுகள் கழித்து ஜெர்மனி நாட்டில் கிட்டியது.

எங்கள் மகள் கொலோன் நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவளுடைய பேறுகாலத்துக்கு உதவியாகச் சென்றிருந்தோம். குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்ததும் மருமகன், "அத்தை, நான் விடுப்பில் இருக்கிறேன். நீங்களும் மாமாவும் மூன்று நாள் எங்கேனும் போய் வாருங்கள்" என்றார். மலை, ஏரி, அரண்மனை என்று படம் படமாகக் காட்டினார். என் கணவர் அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, எஸ்ஸன் நகரத்துச் சுரங்கக் கோபுரம் ஒன்றின் படத்தில் விரலை வைத்தார்.

எனக்குச் சற்றுக் கலக்கமாகவே இருந்தது. அவர் 29 ஆண்டுகள் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராக உழைத்தவர். ஆலை மூடப்பட்டபோது, அவர் பழுது பார்த்த இயந்திரங்களை இரும்பு விலைக்கு எடை போட்டு ஏற்றிச் சென்றார்கள். அன்று முதல் அவர் அந்தச் சாலை வழியே போனதில்லை. ஆலையைப் பற்றி வாய் திறந்ததுமில்லை. அப்படிப்பட்டவர் மூடிக்கிடக்கும் இன்னொரு தொழிற்கூடத்தைக் காண விரும்புவானேன்?

எஸ்ஸன், ரூர் என்னும் நிலக்கரிப் பகுதியின் நடுவில் உள்ள நகரம். 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் 6 லட்சம் பேர் வேலை செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்த ரூர்ப் பகுதியினர். பின்னர் வெளிநாட்டு நிலக்கரியும் எண்ணெயும் மலிவாகக் கிடைக்கவே, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசிச் சுரங்கம் அண்டை நகரான போட்ரொப்பில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது.

முதல் நாள் 107ஆம் எண் டிராம் வண்டியில் ஏறி, நாங்கள் படத்தில் கண்ட சோல்ஃபெரைன் சுரங்கத்துக்குச் சென்றோம். 1847இல் தொடங்கிய சுரங்கம் அது. அதன் பன்னிரண்டாம் குழியும் செங்கல்லும் இரும்புமான கட்டடங்களும் 1932இல் இயங்கத் தொடங்கின. நாளொன்றுக்கு 12,000 டன் நிலக்கரி அங்கே மேலே வந்ததாம். 1986 டிசம்பர் 23ஆம் நாள், கிறிஸ்து பிறப்புக்கு இரு நாள் முன்னதாக, அதன் வேலை நின்றது. ஆயினும் இடித்துத் தள்ளவில்லை. 2001இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நிலக்கரி கழுவிய கூடத்தில் 2010 முதல் ரூர் அருங்காட்சியகம் இயங்குகிறது. நீண்டதொரு மின்படி நம்மை மேலே ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து தளம் தளமாக இறங்கிப் பார்க்கிறோம். நிலக்கரியும் அவ்வாறே மேலேறி, கழுவப்பட்டுக் கீழே இறங்கியதாம்.

எங்களுக்கு வழிகாட்டிய முதியவர், முன்னாளில் சுரங்கத்தில் பணி செய்தவர். "குளுக் ஆஃப்" என்று வரவேற்றார். குழிக்குள் இறங்குவோர் நலமாக மேலே வரவேண்டும் என வாழ்த்தும் சொல் அது. நான் ஆசிரியையாக இருந்தவள். என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒருவாறு இணங்கிப்போயின. என் கணவர் கேட்கச் சொன்ன முதல் கேள்வி, "ஆட்களெல்லாம் என்ன ஆனார்கள்?" என்பதே. பலர் வேறு சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டனர். பலருக்கு முன்கூட்டியே ஓய்வூதியம் கிடைத்தது. தூசி படிந்த நுரையீரலோடு மாண்டவர்களும் உண்டு. அவர் எதையும் மறைக்கவில்லை. அருங்காட்சியகம் வந்ததனால் எல்லாருக்கும் வேலை வந்துவிடவில்லை என்றும் சொன்னார்.

பிறகு வியப்பான செய்தி ஒன்றைக் கூறினார். நூற்றாண்டுக்கும் மேலாகத் தோண்டியதால் அங்கே நிலம் பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. ஆகவே சுரங்கத்தில் ஊறும் நீரையும், தாழ்ந்த நிலத்தில் தேங்கும் நீரையும் இன்றும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தினால் ஊர்கள் பல ஏரியாகிவிடும். இதற்கு முடிவே இல்லையாம். என்றென்றும் செய்யவேண்டிய பணி என்றே அதற்குப் பெயராம்.

நான் சொல்லி முடித்ததும் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் இந்த ஊரில் ஃபிட்டருக்கு என்றைக்கும் வேலை உண்டு என்று சொல்!" நான் சொன்னேன். அந்த முதியவரும் சிரித்து, அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். இருவர் விரல்களும் ஒன்று போலவே தடித்துக் காய்த்திருந்தன.

அன்றிரவு விடுதி அறையில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். பஞ்சு உள்ளே வரும் அறை, கார்டிங், ரிங் ஃப்ரேம், இரவு ஷிப்டில் உடன் இருந்தவர்கள், ஓடுகின்ற ஓசையைக் கொண்டே பழுதைக் கண்டுபிடிக்கும் வித்தை என்று எல்லாம் வந்தன. ஆலையை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் வருகின்ற மனிதர் அவர். 38 ஆண்டுகளில் அன்றுதான் அதை உள்ளே அழைத்து வந்தார்.

இரண்டாம் நாள் ஃபோல்க்வாங் ஓவியக்கூடம் சென்றோம். 1937இல் நாஜிகள் அங்கிருந்து 1,400க்கும் மேற்பட்ட கலைப் பொருள்களைப் பறித்துச் சென்றனர். அந்த வெறுமையிலிருந்து மீண்டு, இன்று மீண்டும் சிறப்புற விளங்குகிறது.

மூன்றாம் நாள் ஞாயிறு. பேராலயத்தில் திருப்பலி கண்டோம். ரூர்த் தொழிலாளர் குடும்பங்கள் மூன்று மறைமாவட்டங்களில் பிரிந்து கிடந்ததால், 1958இல் எஸ்ஸன் தனி மறைமாவட்டமாக அமைக்கப்பட்டது. அப்பேராலயத்தில் பொற்தகடு வேய்ந்த மரியன்னை திருவுருவம் ஒன்று உண்டு. ஏறத்தாழ கி.பி. 980இல் செய்யப்பட்ட அது, 74 சென்டிமீட்டர் உயரமே உள்ளது. 1943இல் குண்டுவீச்சில் ஆலயம் பெரிதும் சிதைந்தபோதும், திருவுருவத்தை வேறிடங்களில் வைத்துக் காத்தனர். நிலக்கரிக்கு முன்பும் அன்னை அங்கே இருந்தாள். நிலக்கரி போன பின்பும் இருக்கிறாள். அவள் முன் நாங்கள் இருவரும் நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தோம். அவர் யாருக்காக வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. முந்தைய இரவு அவர் வாயிலிருந்து வந்த தோழர்களின் பெயர்கள் என் நினைவில் இருந்தன.

ஓய்வு பெற்ற மனிதன் வீட்டின் மூலையில் நாற்காலியாகிவிடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவன் செய்த வேலை நின்றுபோகலாம். செய்யும் இடமே இல்லாமற் போகலாம். அவன் கற்ற தொழிலும் பட்ட பாடும் அவனோடேயே இருக்கின்றன. அதைக் கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். அன்பு வாசகர்களே, பிள்ளைகளைக் கரை சேர்த்த தம்பதியர் இருப்பின், மூன்று நாள் இருவருமாகப் புறப்படுங்கள். தொலைவு முக்கியமன்று, பக்கத்து ஊரே போதும். போகும் வழியில் அவர் எந்தத் தொழிலை எவ்வாறு செய்தார் என்று கேளுங்கள், அவளிடமும் கேளுங்கள்.

இப்போது என் கணவர் பேத்தியைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கையில், தறியும் ராட்டினமும் ஓடும் ஓசையைத் தாலாட்டாக முணுமுணுக்கிறார். குழந்தையும் உறங்கிவிடுகிறது.