குடியம் காடும் ஒரு கொள்ளிக்கட்டையும்

வள்ளூர்க்காரனுக்குக் காடுன்னா சீமைக்கருவேலங்காடுதான். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. பொறந்ததுலேர்ந்து பார்த்தது அணைக்கட்டு, ரயில் கேட், கன்டெய்னர் லாரி, சிம்னி. அப்படிப்பட்ட நான் போன தை மாசக் கடைசில பொண்ணைக் கூட்டிக்கிட்டு டென்ட் போட்டுத் தங்கி, காட்டுக்குள்ள நடந்துட்டு வந்தேன். நல்லபடியாத்தான் திரும்பினோம். ஆனா நடுவுல ஒரு முட்டாள்தனம் பண்ணேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அஞ்சாவது படிக்கிற பொண்ணு ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டு இருந்தா. "ப்பா, டென்ட்ல படுக்கணும்ப்பா". தங்கமணியோட பதில்: "மொட்டை மாடில கொசுவலை கட்டிக்கினு அப்பாவும் பொண்ணும் படுங்க, இன்னாத்துக்கு காசு செலவு?" (நியாயமான கேள்விதான் :) )

அப்பதான் நண்பன் ஒருத்தன் குடியம் பத்திச் சொன்னான். பூண்டி ஏரிக்கு அந்தாண்ட, நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலயே இருக்குற மலைக்காடு. அவனோட மாமாவுக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு இருக்காம். "காட்டுக்குள்ள ராத்திரி தங்க விடமாட்டாங்க மச்சி. தோப்புல டென்ட் போட்டுக்கலாம், காலைல நடக்கப் போலாம்"னான்.

காட்டுக்குள்ள நினைச்சப்போ நுழைஞ்சுட முடியாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணில காட்டுத்தீயில மாட்டிக்கிட்டு 20-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மலையேறப் போன பசங்க. அதுக்கப்புறம்தான் அரசாங்கம் மலையேற்றத்துக்குத் தனியா விதிமுறை கொண்டுவந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஆரம்பிச்சு 40 பாதைகளைத் திறந்து விட்டாங்க. குடியமும் அதுல ஒண்ணு. ஆன்லைன்ல பதிவு பண்ணணும், கூடவே ஒரு வழிகாட்டி வருவார். பண்ணிட்டோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெளம்பினோம். மீஞ்சூர்ல வெளிவட்டச் சாலையைப் பிடிச்சு நெமிலிச்சேரி, அங்கேர்ந்து திருவள்ளூர், பூண்டி. ஏரியைத் தாண்டினதும் லாரியே இல்லாத ரோடு. என் பொண்ணு கேட்டா, "ஏம்ப்பா இங்க ஹாரன் சத்தமே இல்ல?"

தோப்புல டென்ட் போட்டோம். (போட்டோம்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டேன். ரெண்டு பொறியியல் பட்டதாரிங்களுக்கு அம்பது நிமிஷம் ஆச்சு.) இருட்டினதும் பார்த்தா வானம் பூரா நட்சத்திரம். எங்க ஊர்ல ராத்திரி வானம் எப்பவும் ஒரு மாதிரி ஆரஞ்சுக் கலர்தான். கிழக்கால செவப்பா ஒண்ணு மின்னுச்சு. பொண்ணு கையைக் காட்டி, "அது எந்த சிம்னிப்பா?"ன்னா. திருவாதிரை நட்சத்திரம். எனக்குச் சிரிப்பு வரல. பத்து வயசுப் புள்ளைக்கு உசரத்துல செவப்பு வெளக்குன்னா சிம்னிதான்னு ஆகிப்போச்சே.

சரி, முட்டாள்தனத்துக்கு வர்றேன்.

குளிர ஆரம்பிச்சுது. டென்ட்டுன்னா முன்னாடி நெருப்பு எரியணும், சினிமாவுல அப்படித்தான் காட்டுறான். காஞ்ச மாங்கிளையைப் பொறுக்கிப் போட்டுக் கொளுத்தினேன். நண்பன் சொன்னான், "மச்சி, வேலி ஓரமா வேணாம், புல்லு காஞ்சு கெடக்கு". "அட, நாம பார்த்துக்கிட்டேதான இருக்கோம்"னேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டோம். பாட்டு, கதை. எல்லாம் நல்லாத்தான் போச்சு.

ஒம்பது மணி இருக்கும். திடீர்னு ஒரு காத்து. கண்ணு முன்னாடி நாலு பொறி பறந்து வேலியோரம் விழுந்துச்சு. அடுத்த நிமிஷம் முழங்கால் உசரத்துக்குப் புல்லு எரியுது. சத்தம்கூட பெருசா இல்ல, பொரி வறுக்குற மாதிரி ஒரு பட பட. வேலிக்கு அந்தாண்ட பத்தடி கரம்பு, அதுக்கப்புறம் காடு.

நான் அப்படியே நின்னுட்டேன். உண்மையைத்தான் சொல்றேன், கால் நகரல. நண்பன்தான் சாக்கை நனைச்சுக்கிட்டு ஓடினான். தோப்புக் காவக்காரத் தாத்தா எங்கேர்ந்துதான் வந்தாரோ, பச்சை மாங்கொத்தை ஒடிச்சு அடி அடின்னு அடிக்கிறார். "எதிர்ல நிக்காத, காத்து வர்ற பக்கம் வா"ன்னு என்னைப் பார்த்துக் கத்தினார். அப்பதான் எனக்கு உசுரு வந்து ஓடினேன். அஞ்சே நிமிஷம்தான், அணைஞ்சுது. ஒரு பாய் அகலத்துக்குக் கருப்பா ஒரு திட்டு. என் முழங்கை மயிர் பொசுங்கிப்போச்சு, வேற ஒண்ணும் ஆகல.

திரும்பிப் பார்த்தா பொண்ணு டென்ட் வாசல்ல ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நிக்கிறா. தாத்தா என்னைத் திட்டவே இல்ல. "தண்ணி ஊத்தி மண்ணைப் போடு"ன்னு மட்டும் சொன்னார். ரெண்டு குடம் தண்ணி ஊத்தி, மண்ணை அள்ளிப் போட்டு மூடிட்டுப் படுத்தோம். தூக்கம் வரல.

காலைல வழிகாட்டித் தம்பி வந்தார். அந்தப் பக்கத்துக்காரர்தான், இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கும். ஊர்லேர்ந்து மூணு நாலு கிலோமீட்டர் நடை. ஏத்தம் பெருசா இல்ல, ஆனா பாதை பூரா உருண்டைக் கூழாங்கல். கால் பெரண்டுக்கிட்டே இருக்கும், நல்ல ஷூ இல்லாம போகாதீங்க. ரெண்டு பக்கமும் முள்ளு, புதர், நடுநடுவுல நெழல்.

குகைன்னா இருட்டா உள்ள போய்க்கிட்டே இருக்குறது இல்ல. மலை தலைக்கு மேல குடை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. முதல் குகைல ஒரு சின்ன அம்மன் கோயில். ரெண்டாவதுதான் பெருசு. அண்ணாந்து பார்த்தா பாறை பூரா கூழாங்கல் பதிஞ்சிருக்கு. "கடலை மிட்டாய் மாதிரி இருக்குப்பா" - பொண்ணு சொன்னதைவிட நல்லா என்னால சொல்ல முடியாது. மேல பெரிய பெரிய தேன்கூடு. "சத்தம் போடாதீங்க, சென்ட் அடிச்சிருந்தா முன்னாடி போகாதீங்க"ன்னார் தம்பி.

அந்தக் கூழாங்கல்லுதான் விஷயமே. ஆதி மனுசன் அதை உடைச்சுத்தான் கைக்கோடாரி செஞ்சான். ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு வெள்ளைக்காரப் புவியியலாளர், 1863 மே மாசம் பல்லாவரத்துல மொத கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பர்ல வில்லியம் கிங்கோட சேர்ந்து இங்க பக்கத்துல இருக்குற அத்திரம்பாக்கத்துல கண்டுபிடிச்சார். அதே அத்திரம்பாக்கத்துல சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழு வருஷக்கணக்கா தோண்டி ஆராய்ஞ்சாங்க. அங்க கிடைச்ச பழைய கைக்கோடாரிங்களுக்கு சுமார் 15 லட்சம் வருஷம்னு 2011-ல சொன்னாங்க. அடுத்த கட்டக் கருவிங்க 3,85,000 வருஷத்துக்கு முந்தியே வந்துடுச்சுன்னு 2018-ல சொன்னாங்க. பூண்டில ஒரு அருங்காட்சியகம் இருக்கு, கட்டாயம் எட்டிப் பாருங்க.

இதுல எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது வேற ஒரு விஷயத்துக்கு. அத்திரம்பாக்கம் இருக்குறது கொசஸ்தலை ஆத்துப் படுகைல. பூண்டி அணை (1944-ல கட்டி முடிச்சது) அந்த ஆத்துக்குக் குறுக்கதான். அங்கேர்ந்து தாமரைப்பாக்கம், அப்புறம் எங்க வள்ளூர் அணைக்கட்டு, அப்புறம் எண்ணூர்க் கழிமுகம். எங்கப்பா வலை வீசின, நான் நீச்சல் கத்துக்கிட்ட ஆறு. 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர்ல எண்ணெய் படிஞ்சு கருப்பாப் போச்சே, அதே ஆறுதான். அது எங்கேர்ந்து வருதுன்னு நாப்பது வருஷமா ஒரு நாளும் யோசிச்சதில்ல.

திரும்பி வரும்போது ஒரு இடத்துல தம்பி நின்னு, காடு வகுந்த மாதிரி வெறும் தரையா இருந்த ஒரு கோட்டைக் காட்டினார். "தீத்தடுப்புக் கோடுண்ணா. வெயிலுக்கு முன்னாடி புல்லு, சருகு எல்லாம் எடுத்துருவோம். தீ வந்தா இதைத் தாண்டாது." நான் ஊம் கொட்டிக்கிட்டே நடந்தேன். என் பொண்ணு சும்மா இருப்பாளா?

"அண்ணா, எங்கப்பா நேத்து நைட்டு நெருப்பு வச்சு புல்லு எரிஞ்சுடுச்சு."

எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. தம்பி ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "மண்ணு போட்டீங்களாண்ணா?"ன்னார். போட்டோம்னேன். "போறப்போ காட்டுங்க."

தோப்புக்கு வந்தப்போ மத்தியானம் ஒண்ணு. தம்பி ஒரு குச்சியால மண்ணைக் கெளறினார். கீழ இருந்த பெரிய கட்டையைப் பெரட்டினார். அடிப்பக்கம் செவப்பா கனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு! பதினஞ்சு மணி நேரம் கழிச்சு! "மண்ணு மூடினா அணைஞ்சிட்டதா அர்த்தம் இல்லண்ணா. அது உள்ளயே தூங்கும். நீங்க போனப்புறம் காத்தடிச்சா எந்திரிக்கும்." தண்ணி ஊத்தி, கெளறி, மறுபடி ஊத்தி, பொறங்கையை வச்சுப் பார்த்து, "இப்ப சில்லுனு இருக்கு. இதான் அணைஞ்சது"ன்னு எந்திரிச்சார். குரல்ல கோவமே இல்ல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

குரங்கணிச் செய்தி வந்தப்போ டீவி முன்னாடி உக்காந்துக்கிட்டு, எவன்டா வெயில் காலத்துல காட்டுக்குப் போகச் சொன்னான்னு நியாயம் பேசினவன் நான். என் கையில இருந்தது ஒரு தீப்பெட்டி. நம்பிக்கிட்டு இருந்தது, "பார்த்துக்கிட்டேதான இருக்கோம்"ங்குற ஒரு வார்த்தையை.

வீட்டுக்கு வந்ததும் பொண்ணு அம்மாகிட்ட மொதல்ல சொன்னது குகையும் இல்ல, நட்சத்திரமும் இல்ல. அது என்னன்னு உங்களுக்கே தெரியும். மூணு நாளைக்கு எனக்குச் சாப்பாட்டோட அர்ச்சனையும் கெடைச்சுது.

டிஸ்கி: குடியம் போறவங்க ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி எடுத்துக்குங்க. வழில கடை கிடையாது. பதிவு பண்ணாம, வழிகாட்டி இல்லாம உள்ள போகாதீங்க. குளிருக்குக் கம்பளி எடுத்துட்டுப் போங்க. நெருப்பு வேணாம்.