ஆய்வகப் படிப்பு: செலவும் பலனும்

நாட்டரசன்கோட்டையில் பிளஸ் டூவில் உயிரியல் படித்தவருக்கு மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் எட்டக்கூடிய படிப்பு. பக்கத்துச் சிவகங்கையிலேயே 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. டிப்ளமோ இரண்டு ஆண்டு, பி.எஸ்சி. மூன்று ஆண்டு, அதற்குமேல் ஓராண்டுப் பயிற்சி. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, தனியாரில் பல மடங்கு. விடுதி, சாப்பாட்டுச் செலவையும், சம்பாதிக்காமல் கழியும் ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிறிய தனியார் ஆய்வகங்களில் தொடக்கச் சம்பளம் சொற்பம். கடன் வாங்கிப் படித்தவரை அது நெரிக்கும். ரத்தம் ஏற்றுமுன் பொருத்தம் பார்ப்பவர்கள் ஆய்வக நுட்புநர்கள்தான். அங்கே பிழை நேர்ந்தால் உயிரே போகலாம். அந்தப் பொறுப்புக்கு இந்தச் சம்பளம் அநியாயம்.

நிலையான வழி அரசுப் பணி. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அதற்கு ஆளெடுக்கிறது, போட்டி கடுமை. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் இத்தொழிலும் அடங்கும். எனவே சேருமுன் கல்லூரியின் அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது கட்டாயம்.