நடுவரிசை

1993-இல் மாருதி இறக்கிய ஜென், 993 சிசி. என்னுடையது பழைய வண்டி, பவர் ஸ்டீயரிங் கிடையாது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குத் தினமும் நானே ஓட்டிப் போவேன். ஆலப்பாக்கம் தாண்டி நாலாவது கியரில் மிதித்தால் பஸ்ஸை முந்தும். “பொம்பள ஓட்டறா பாரு” என்பார்கள். அதற்குள் நான் புதுச்சத்திரம் போயிருப்பேன்.

மாமியாருக்கு முட்டிவலி வந்தது, ஜென்னை விற்று எர்டிகா வாங்கினோம். ஏழு பேர் உட்காரலாம், கிளட்சும் லேசு. நல்ல வண்டிதான். ஆனால் சாவி அவர் சட்டைப்பையில். நான் நடுவரிசையில், மடியில் டிபன் தூக்கு, சின்னவள் வாந்திக்குக் கையில் கவர். “குடும்ப வண்டி, ரிஸ்க் வேணாம்” என்றார், பதினோரு வருடம் கீறல் விழாமல் ஓட்டியவளிடம்.

போன வாரம் வெள்ளாற்றுப் பாலத்தில் மாமியார் என் பக்கம் சாய்ந்தார்: “ஏம்மா, இத நீயே ஓட்டேன். அவன் பிரேக் போடறதுல முட்டி இடிக்குது.”