மொழி புரிந்தவர்

2003இல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையில் வேலை பார்த்தேன். இரவு ஷிப்டில் கேட்டைக் காத்தவர் ஒரு முன்னாள் ராணுவ வீரர். ஒருபோதும் கேட்டுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டார். தீபாவளி இரவில் பணி கேட்டு வாங்கிக்கொள்வார். ஊர் வெடிச்சத்தத்தை விட உருளைகளின் இரைச்சல் தேவலை என்பார்.

1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பின் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் சென்றவர் அவர். அக்டோபரில் அமைதி போராக மாறியது. அந்த ஆண்டு தீபாவளியன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தனர். சென்னைத் துறைமுகத்து வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய தமிழ்ச் சிப்பாய் எந்த முகத்தோடு ஊருக்குப் போயிருப்பான்?

எழுதும் ஆசையில் ஒருநாள் அவரைத் துருவினேன். "நீங்க கதை கேக்குறீங்க தம்பி" என்றார். வெகுநேரம் கழித்து அவரே சொன்னார்: "கூட வந்த மத்தவங்களுக்கு அங்க அழுதது வெறும் சத்தம். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது."

போர் மனத்தில் விடும் காயத்தை, வியட்நாம் போருக்குப் பின், 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப்பட்டியலில் சேர்த்தார்கள். இவருக்கோ மருந்தாக இருந்தவை கேன்டீன் ரம்மும், மதிற்சுவரைச் சுற்றிய நடையும், லாரி எண்களைப் பிழையின்றி எழுதிய பதிவேடும்தான்.

பக்கத்திலேயே ஈழ அகதிகள் முகாம். அங்கிருந்து பெயின்ட் அடிக்க வந்த பெரியவர் ஒருவர் பதிவேட்டில் கையெழுத்திட்டார். "அங்க எந்த ஊரு?" என்றார் இவர்.

"கோண்டாவில்."

"புகையிலைத் தோட்டமெல்லாம் இருக்குமே..."

சொல்லிய பிறகுதான் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது அவருக்கு உறைத்தது. பெரியவர் பேனாவை மெதுவாக மூடினார்.

"எண்பத்தேழிலே நாங்கள் நல்லூர்க் கோயிலுக்குள்ள இருந்தனாங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சாரத்தில் ஏறி வேலையைத் தொடங்கிவிட்டார்.

அன்று மாலை இவர் இரண்டு டீ வாங்கிவைத்துக் காத்திருந்தார். ஒன்று ஆறிப்போயிற்று. மறுநாளும் வாங்கினார். நான்காம் நாள் பெரியவர் நின்று குடித்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மன்னிப்பு என்று அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்கு முந்தைய மாலை, ரயில் நிலையப் பக்கம் யாரோ அணுகுண்டு வெடித்தபோது இருவர் கையிலும் டம்ளர் ஒரே கணத்தில் தளும்பியதைப் பார்த்தேன். பெரியவர்தான் முதலில் சொன்னார்: "பொடியள், வெடி கொளுத்துறாங்கள்."

இவர் தலையசைத்தார்.

இத்தனை ஆண்டுகள் நான் இதை எழுதவில்லை. கதை கேட்டவன் என்ற வெட்கம் இன்னும் போகவில்லை.