வங்கிகளின் வினைத்திறனை எந்த அளவுகோலால் அளப்பது?

மூன்று மாதங்களுக்கு ஒரு முறை எமது நாளிதழ்களில் வங்கிகளின் நிதிநிலைக் கூற்றுகள் வெளியாகின்றன. சிறிய எழுத்துகளில் நெருக்கமாக அச்சிடப்படும் அந்த அட்டவணைகளைப் பெரும்பாலான வாசகர்கள் புரட்டிச் சென்றுவிடுவர். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலத்தைக் கழித்த எனக்கோ அவற்றைப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அரசியல்வாதிகளின் உரைகள் மறைப்பதை அவை ஓரளவுக்கேனும் வெளிப்படுத்திவிடும். ஆயினும் அவற்றை மாத்திரம் வைத்துக்கொண்டு ஒரு வங்கி வினைத்திறனுடன் இயங்குகிறது என்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று.

இலாபத்தையே வினைத்திறன் என்று கொள்வது முதலாவது மயக்கம். செய்தி அறைகளில் "சாதனை இலாபம்" என்பதே தலைப்பாகிவிடுகிறது. சற்று விபரமறிந்தோர், நூறு ரூபா வருமானத்தை ஈட்ட வங்கி எத்தனை ரூபாவைச் செலவிடுகிறது என்று பார்ப்பர். ஆய்வாளர்களின் வழி வேறு. ஒரு நிறுவனத்தை அதே துறையில் மிகச் சிறப்பாக இயங்குபவற்றுடன் ஒப்பிட்டு அளக்கும் முறையை 1957 இல் பிரித்தானியப் பொருளியலாளர் மைக்கேல் ஃபாரல் முன்வைத்தார். அதனை விரிவாக்கி, 1978 இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவரும் தரவு உறைப் பகுப்பாய்வு எனும் கணித முறையை உருவாக்கினர். காலப்போக்கில் நிகழும் மாற்றத்தை அளப்பதற்கு, சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் மால்ம்குவிஸ்டின் பெயரைத் தாங்கிய சுட்டெண் பயன்படுகிறது. பின்தங்கிய வங்கி முன்னணி வங்கியை நெருங்கியுள்ளதா, முன்னணி வங்கியே தொழில்நுட்பத்தால் மேலும் முன்னேறியுள்ளதா என்ற இரண்டு வினாக்களையும் அது தனித்தனியே பிரித்துக் காட்டும்.

இவை மதிப்புமிக்க கருவிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் வகுப்பில் முதலாம் இடம் பெற்ற பிள்ளை நூற்றுக்கு நாற்பது புள்ளிகள் பெற்றும் முதலாவதாக வந்திருக்கலாம். ஒப்பீட்டு அளவை அதனைச் சொல்லாது.

எதனை உள்ளீடாகவும் எதனை வெளியீடாகவும் கொள்வது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. மக்களின் வைப்புகளைக் கடன் வழங்குவதற்கான மூலப்பொருளாகக் கொள்வோர் ஒரு சாரார். அவற்றை வங்கி வழங்கும் சேவையாகவே கணிப்போர் மற்றொரு சாரார். கிராமிய மக்களுக்கும் கூட்டுறவு இயக்கத்துக்கும் வங்கிச் சேவையைக் கொண்டுசெல்லும் நோக்குடன் 1961 இல் மக்கள் வங்கி நிறுவப்பட்டது. ஆயிரக்கணக்கான சிறுசேமிப்புப் புத்தகங்களைப் பேணும் ஒரு கிராமியக் கிளை முதலாவது கணக்கில் சுமையாகவும் இரண்டாவது கணக்கில் சேவையாகவும் தோன்றும். போர்க்காலத்தில் மின்சாரமின்றி இயங்கிய வடபகுதிக் கிளைகளை எந்தச் சுட்டெண்ணும் மெச்சப்போவதில்லை. ஆனால் அவை திறந்திருந்தமையால் ஓய்வூதியம் பெற்றவர்களுக்கு அவற்றின் பெறுமதி தெரியும்.

காலத்தை இடையே கொண்டுவந்தால் சிக்கல் மேலும் வலுக்கிறது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அத்தகைய ஓராண்டில் அதே ஊழியர்களுடனும் அதே கிளைகளுடனும் வங்கியின் வட்டி வருமானம் பெருகும். செலவு விகிதம் தானாகவே குறையும். ஏட்டில் வினைத்திறன் உயர்ந்ததாகத் தோன்றும். ஆனால் வங்கிக்குள் எதுவும் திருந்தியிராது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அவ்வாண்டின் ரூபாவை அதற்கு முந்திய ஆண்டின் ரூபாவுடன் அப்படியே ஒப்பிட்டு வளர்ச்சி என்று எழுதுவது கணக்காகாது.

இதனை மிகத் தெளிவாக உணர்த்திய அனுபவம் தங்க நகை அடகு ஆகும். காணி உறுதி வேண்டாம், பிணையாளி வேண்டாம். நகையை நிறுத்து, உரைத்துப் பார்த்துச் சில நிமிடங்களில் பணத்தைக் கொடுத்துவிடலாம். குறைந்த செலவில் விரைந்த கடன். தங்கத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த 2011, 2012 காலப்பகுதியில் இதனைவிட வினைத்திறன் மிக்க தொழில் வங்கிகளுக்கு இருந்திராது. போரினால் அனைத்தையும் இழந்த வடக்கு கிழக்குக் குடும்பங்களுக்கோ எஞ்சிய நகையே கையிலிருந்த ஒரே பிணை. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் தங்கத்தின் விலை சரிந்தது. கடனும் வட்டியும் சேர்ந்த தொகை நகையின் பெறுமதியை விஞ்சியபோது பலர் மீட்க வரவில்லை. பலரால் வரவும் இயலவில்லை. அறவிடமுடியாக் கடன்கள் பெருகின. 2014 இல் அடகுக் கடன்களுக்கு உத்தரவாதத் திட்டம் ஒன்றை அறிமுகப்படுத்த வேண்டிய நிலை ஏற்பட்டது.

அந்நாட்களில் வெளியான ஏல அறிவித்தல்களை நான் ஊன்றிப் படித்ததுண்டு. அவற்றில் நான் கண்டவை நிரல் நிரலாக அடகுச் சீட்டு இலக்கங்களே. எது தாலிக்கொடி, எது மகளின் சீதனத்துக்கென வைத்திருந்த காப்பு என்று எவரும் அறியார். ஈராண்டுகளுக்கு முன்னர் அதே இலக்கங்கள் வங்கியின் வளர்ச்சிக் கணக்கில் சேர்ந்திருந்தவை.

நுண்கடன் நிறுவனங்களின் கதையும் வேறன்று. வாராந்தம் வீடு தேடி வந்து அறவிட்டதால் அவற்றின் அறவீட்டு விகிதம் மெச்சத்தக்கதாக இருந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பெற்ற பெண்களின் நிலை அவ்விகிதத்தில் தெரியவில்லை. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தபோதே பிரச்சினையின் ஆழம் கொழும்புக்குப் புரிந்தது.

ஆகவே நிதி நிறுவனம் ஒன்றின் வினைத்திறனை ஓராண்டுக் கணக்கைக் கொண்டு மதிப்பிடுதல் தகாது. வட்டி ஏறிய காலமும் இறங்கிய காலமும் அடங்கிய பத்தாண்டுகளையேனும் ஒருசேரப் பார்க்க வேண்டும். பணவீக்கத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். வைப்பாளருக்குக் கொடுத்த வட்டிக்கும் கடனாளியிடம் பெற்ற வட்டிக்கும் இடையிலான வித்தியாசம் அக்காலத்தில் குறைந்ததா என்று கேட்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, கடன் பெற்றவர் அதனை அடைத்து முடித்தபோது முன்னரிலும் நல்ல நிலையில் இருந்தாரா என்று விசாரிக்க வேண்டும். இந்த இறுதி வினாவுக்கு எந்த நிதிநிலைக் கூற்றிலும் நிரல் கிடையாது. அதனைக் கேட்டு எழுதும் பொறுப்பு, அக்கூற்றுகளை அச்சிடும் பத்திரிகைகளுக்கே உரியது.