பினாங்குக் கடற்கரையில் இரண்டு நாட்கள்



உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைச் சற்றுத் திறந்து பாருங்கள். நாகூரோ, காரைக்காலோ, கூத்தாநல்லூரோ, பரங்கிப்பேட்டையோ, எந்த ஊராயினும் சரி, பினாங்கு முத்திரை விழுந்த கடிதம் ஒன்றேனும் அதன் அடியில் கிடக்கக்கூடும். எங்கள் வீட்டுப் பெட்டியில் கடிதங்களோடு ஒரு புகைப்படமும் இருக்கிறது. வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட கைலியும் அணிந்து, ஒரு மணிக்கூண்டின் முன்னால் வாப்பா நிற்கிறார்கள். மணிக்கூண்டு சற்றே சாய்ந்து தெரியும். "படம் புடிச்சவனுக்குக் கை கோணல்" என்பது உம்மாவின் நெடுநாளையத் தீர்ப்பு.

1955ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியபோது வாப்பாவுக்கு வயது இருபது. 1962இல் திருமணம். 1987இல் நிரந்தரமாகத் திரும்பும்வரை அவர்கள் ஊர் வந்தது எட்டே முறை. நான் பிறந்த செய்தியும் அவர்களுக்குத் தபாலில்தான் போயிற்று. உம்மா ஒரு முறையேனும் அக்கரை சென்றதில்லை. வாப்பா 2003இல் காலமானார்கள். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அமைதியாக இருந்த உம்மா, எண்பது வயதைக் கடந்தபின் ஒரு நாள், "அந்த ஊர்ல அப்படி என்னதான் இருந்துச்சுன்னு பாத்துடணும் தம்பி" என்றார்கள். அந்தச் சொல்லில் ஆசை பாதி, வழக்கு பாதி.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். அங்கிருந்து பட்டர்வொர்த் வரை ரயில். பினாங்குத் தீவுக்கு 1985இல் திறந்த பாலமும், 2014இல் திறந்த இரண்டாவது பாலமும் இருக்கின்றன. ஆயினும் வாசகர்களே, முதல் முறை செல்வோர் பாலத்தில் செல்ல வேண்டாம். ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. கால் மணி நேரப் பயணம்தான். ஜார்ஜ் டவுன் நகரம் நீரிலிருந்து மெல்ல மெல்ல எழுந்து வருவதைக் காணாமல் அந்த ஊருக்குள் நுழைவது, முன்வாசல் இருக்கக் கொல்லைப்புறமாக வருவதைப் போன்றது. கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய பெரிய படகுகள் 2020இன் முடிவோடு ஓய்ந்துவிட்டன. 2023 முதல் ஓடும் புதியவை ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. உம்மா கண்ணாடி ஓரம் அமர்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தார்கள்.

கரையேறியதும் நாம் நிற்பது வெல்டு கீ என்னும் துறைமுகச் சாலை. இதற்கு ஒரு தெரு உள்ளே 'லெபோ பந்தாய்', அதாவது கடற்கரைத் தெரு இருக்கிறது. கடலே தெரியாத தெருவுக்கு ஏன் இந்தப் பெயர் என்று வியப்பீர்கள். முன்னர் அலை அங்கேதான் வந்து மோதியது. 1880களில் கடலைத் தூர்த்து நிலமாக்கி, ஆளுநர் வெல்டின் பெயரில் இந்தச் சாலையை அமைத்தார்கள். அருகிலேயே கோபுரக் கடிகாரத்தோடு 1907ஆம் ஆண்டுக் கட்டடம் ஒன்று உண்டு, கட்டியது ரயில்வே. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் அது! பயணிகள் இங்கே சீட்டு வாங்கிப் படகேறி, அக்கரை சென்று ரயில் பிடித்தனர். இப்போது அது சுங்கத்துறையிடம் இருக்கிறது.

லுஹர் தொழுகைக்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சென்றோம். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற காதர் முகைதீன் என்பார், 1801ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியிடம் நிலம் பெற்று எழுப்பிய பள்ளி இது. இன்று நாம் காணும் கவிகை மாடங்களும் மினாராவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட தோற்றம். பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடி நாட்டியது 1786இல். ஆக, நகரம் பிறந்து பதினைந்தே ஆண்டுகளில் நம்மவர்க்குப் பள்ளி இருந்திருக்கிறது. அருகில் உள்ள தெருவுக்கே சூலியா தெரு என்றுதான் பெயர். அந்தத் தெருவின் ஒரு முனையில் நாகூர் தர்காவின் பெயரால் சிறு நினைவிடம் ஒன்றும் நிற்கிறது. நாகூர்க்காரியான உம்மா அதன் வாசலில் நின்று, "இங்கேயும் நம்ம ஊருதானா!" என்று முதன்முறையாகச் சிரித்தார்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். 'நாசி கண்டார்' என்பது பினாங்கில் நம்மவர் படைத்த உணவு. கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவடித்தண்டு. ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களிடம் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சோறு இன்று மலேசியா முழுவதும் பரவிவிட்டது. 'பஞ்சிர்' என்று கேளுங்கள். அந்தச் சொல்லுக்கு வெள்ளம் என்று பொருள். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு என எல்லாவற்றையும் கலந்து சோற்றை மூழ்கடித்துத் தருவார்கள். ஒரு குழம்போடு இன்னொன்றைச் சேர்ப்பது பாவம் என்று கருதும் நம் வீட்டுப் பெண்மணிகள் முகம் சுளிக்கலாம். உம்மாவும் சுளித்தார்கள். பிறகு தட்டில் ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை.

சாப்பிட்டுவிட்டு, வாப்பாவின் கடித முகவரியைத் தேடிப் போனோம். சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே கடையும் மேலே அறையுமாக ஒடுங்கிய பழங்காலக் கடைவீடு. இன்று அது பயணிகள் தங்கும் சிறு விடுதி. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தபின், தலைமுறையாக இருந்த குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபின் எஞ்சிய வீடுகள் பலவும் விடுதிகளாயின. சுவர்கள் பிழைத்தன, அதற்கு நன்றி சொல்லலாம். வாழ்ந்த மக்கள்தான் இல்லை.

விடுதியில் இருந்த சீனப் பெண் எங்களை உள்ளே அனுமதித்தாள். ஏணி போன்ற செங்குத்தான மரப்படி. உம்மாவால் ஏற இயலவில்லை. நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். நம் வீட்டுச் சமையலறை அளவே இருந்த அறையில் இரண்டு கட்டில்கள். "இதிலேதான் பன்னிரண்டு பேர் பாய் போட்டுப் படுப்போம்" என்று வாப்பா ஒரு முறை சொன்னது நினைவுக்கு வந்தது. இறங்கி வந்து அதைச் சொன்னேன். உம்மா படியின் கைப்பிடியைத் தடவியவாறு, "ஜன்னல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். ஒன்று இருக்கிறது என்றேன்.

மாலையில் சீனர்களின் மரத்துறைகளுக்குச் சென்றோம். கடலுக்குள் நட்ட கால்களின்மேல் பலகை பரப்பி, வரிசையாய் வீடுகள். பெரும்பாலான துறைகளில் ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் வாழ்கின்றனர். இது சியூ துறை, அது லிம் துறை, அடுத்தது டான் துறை. இரண்டு துறைகளை 2006இல் அடுக்குமாடிகளுக்காக இடித்துவிட்டார்கள். எஞ்சியவற்றுள் சியூ துறையில் கடைகளும் கூட்டமும் அதிகம். குடியிருப்போர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் பிடிப்போரைக் கண்டு எனக்கே கூச்சமாக இருந்தது. அமைதி வேண்டுவோர் டான் துறையின் நீண்ட பலகைப் பாதையில் நடந்து பாருங்கள். காலடியில் நீர் சலசலக்கும். எதிரே அக்கரை விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கும்.

ஞாயிறு காலை, ஃபஜ்ருக்குப் பின் கடலோரத் திடலுக்கு நடந்தோம். பாடாங் கோத்தா லாமா என்பது அதன் பெயர். ஒரு பக்கம் 1903ஆம் ஆண்டின் வெண்ணிற நகர மண்டபம். மறுபக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை. கோட்டை என்று பெயரே தவிர, அது எந்தப் போரையும் கண்டதில்லை. அங்குள்ள பீரங்கிகளுள் பெரியது 1603ஆம் ஆண்டு டச்சுக்காரர் வார்த்தது. ஜொகூர், ஆச்சே, சிலாங்கூர் என்று கைமாறி வந்து சேர்ந்தது. பிள்ளைவரம் வேண்டிப் பெண்கள் அதற்கு மலர் சூட்டும் வழக்கம் இருந்ததாம். மனிதன் எதைத்தான் விட்டு வைத்தான்!

கடற்சுவரின்மேல் அமர்ந்து காற்று வாங்குவதற்கு ஒரு செலவும் இல்லை. கைலி கட்டிய முதியவர்களும் தூண்டில்காரர்களும் ஓடியாடும் பிள்ளைகளுமாய் இடம் நிறைந்திருந்தது. வெயில் ஏறும்வரை இருந்துவிட்டு, கோட்டையின் மூலையைச் சுற்றி நடந்தோம். திரும்பியதும் எதிரே அந்த மணிக்கூண்டு.

விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக 1897இல் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வர் தம் செலவில் கட்டத் தொடங்கியது. ராணி ஆண்ட ஆண்டு ஒன்றுக்கு ஓர் அடியாக உயரம் 60 அடி. வேலை முடிந்தது 1902இல். ராணியோ அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் அருகே விழுந்த குண்டுகளால் அடித்தளம் அசைந்து, அன்றுமுதல் கூண்டு சற்றே சாய்ந்து நிற்கிறது.

உம்மா கைப்பையிலிருந்து புகைப்படத்தை எடுத்தார்கள். படத்தையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். கூண்டுதான் சாய்ந்திருக்கிறது, வாப்பா நேராகத்தான் நிற்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"கேமராக்காரனைச் சும்மா ஏசிட்டேன்" என்றார்கள் உம்மா. பின், "உங்க வாப்பா எந்த இடத்துல நின்னாங்கன்னு பாத்துச் சொல்லு தம்பி" என்றார்கள். கூண்டின் படிகளைக் கணக்கிட்டு, உத்தேசமாக ஓரிடத்தைக் காட்டினேன். உம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்று, முக்காட்டைச் சரிசெய்து கொண்டார்கள்.

"இப்ப எடு."